எங்கள் கணக்கு டீச்சர் சுத்த மோசம்

தலைமையாசிரியர்கள் கூட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நல்ல வாத்தியாரைப் பற்றி அங்கே மூச்சுவிடக் கூடாது. "எங்க கணக்கு சார் அருமையா நடத்துறாக" என்று ஒரு வார்த்தை விட்டால் போச்சு, பத்தே நாளில் மாற்றுப்பணி ஆணை வந்து நிற்கும். அவரை வேறு பள்ளிக்கு அனுப்பு, பயிற்சி வகுப்பு எடுக்க அனுப்பு என்பார்கள். பெயர் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதனால் நாங்கள் எல்லோரும் எங்கள் நல்ல வாத்தியார்களை வாய் கூசாமல் திட்டுவோம். யாராவது தன் ஆளை வாயாரப் புகழ்ந்தால், ஓகோ, தொல்லையைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று மற்றவர்கள் புரிந்துகொள்வோம்.

நான் தலைமையாசிரியையாக இருப்பது மார்க்கையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில். சுற்றிலும் வாழையும் நெல்லும். பச்சையாக இருக்கிறது என்பதற்காக எந்த வாத்தியாரும் தங்கிவிடுவாரா என்ன? ஜூனில் சேருவார்கள், அடுத்த மே மாதக் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் பக்கமாக இடம் வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். கணக்குக்கு மட்டும் நாலு வருடத்தில் நாலு பேர். நாலாவது ஆளின் வழியனுப்பு விழாவில் நான் பேசவே மாட்டேன் என்றுவிட்டேன். பேசியிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

அப்புறம்தான் ஆண்டிபட்டியிலிருந்து இந்தப் பெண் வந்தாள். தினமும் மூன்று பஸ் மாறி வருவாள். கணக்குப் பீரியட் என்றாலே வாழைத்தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்ட பத்தாம் வகுப்புப் பயல்கள், மத்தியானச் சோற்றை அவசர அவசரமாக விழுங்கிவிட்டுக் கரும்பலகைக்கு முன்னால் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ரெண்டு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

விடுவேனா? முதல் பீரியடிலிருந்து கணக்கைத் தூக்கினேன், பஸ் முன்னப்பின்ன வந்தாலும் அவள் பதறக் கூடாது. என் அறையில் சத்தமில்லாமல் ஓடிய ஒரே மின்விசிறியைக் கழற்றி அவள் வகுப்பில் மாட்டினேன். டவுன் பஸ் கண்டக்டரைப் பிடித்து, "ஏப்பா, சின்னமனூர்ல எங்க டீச்சர் ஏறாம விசிலடிச்சேன்னா, ஒம் மகன் டி.சி. என் கையிலதான் இருக்கு, பாத்துக்க" என்றேன். சும்மா மிரட்டல்தான்.

கூட்டத்தில் மட்டும் வேறு பாட்டு. "எங்க கணக்கு டீச்சரா? அத ஏன் கேக்குறீக. தெனமும் லேட்டு. மூக்குக்கு மேல கோவம். எல்லாம் என் தலையெழுத்து."

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் நாள் என் அறைக்குள் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருத்தி பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"நான் வேலைக்கு லாயக்கில்லாதவன்னு ஊரெல்லாம் சொல்றீகளாமே மேடம்? மே மாசம் நான் கெளம்பிர்றேன்."

எங்கள் கூட்டத்துச் சட்டத்தை விளக்கு விளக்கு என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு தடவ உள்ளதச் சொல்லுங்க மேடம். அது போதும்."

சொன்னேன். வேறு வழி? அன்றைக்கு வந்திருந்த கல்வி அதிகாரி ஊருக்குப் புதுசு, எங்கள் சட்டம் தெரியாதவர். நான் பேசப் பேசக் குறித்துக்கொண்டார். மற்ற தலைமையாசிரியர்களோ, கழித்துக்கட்டப் பார்க்கிறாள் என்று ஒருத்தருக்கொருத்தர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் ஆணை வந்துவிட்டது. பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் அவள் தேனிக்குப் போய்ப் பயிற்சிக் குழுவில் சேர வேண்டுமாம். தேனி என்றால் அவளுக்கு ஒரே பஸ். காகிதத்தை மேஜையில் விட்டெறிந்தேன். "பாத்தியா? இதுக்குத்தான் வாயத் தொறக்க மாட்டேன்னேன். போ, ஒத்த பஸ்ஸு, நிம்மதியா இரு!" என்று கத்தினேன். கத்தின கையோடு அழுதும் தொலைத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று இருந்தது.

அவள் ஆணையை இரண்டு தடவை படித்தாள். "நாளைக்குக் காலையில தேனி ஆபீசுக்குப் போயிட்டு வந்துருவோம் மேடம்" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. வேலையில் சேரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போகிறவளை வழியனுப்பவாவது போவோம் என்று கிளம்பினேன்.

அதிகாரி முன்னால் நின்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஆரம்பித்தாள். "சார், நான் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டேன். தெனமும் லேட்டு. மூக்குக்கு மேல கோவம் வரும். எங்க மேடத்தையே கேளுங்க."

அப்படியே என் வார்த்தைகள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானம்மா அன்னைக்கு ஆகா ஓகோன்னு பேசினீங்க?"

அவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள், கள்ளி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தள்ளிவிட்டுறலாம்னு பாத்தேன் சார். மன்னிச்சுக்கங்க."

மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "உங்க தலைவலிய என் தலையில கட்டப் பாத்தீங்களா? நல்லா இருக்கே நியாயம்! நீங்களே வச்சு மாரடிங்க!" ஆணையை அங்கேயே ரத்து செய்தார். இத்தனை வருட சர்வீஸில் நான் அப்படித் திட்டு வாங்கியதே இல்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

தேனி பஸ் நிலையத்தில் ஆண்டிபட்டி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. "நீ வீட்டுக்குப் போம்மா, இன்னைக்கு நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் எதிரே நின்ற, சின்னமனூர் வழியாகப் போகும் கம்பம் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்து சீட்டில் கைப்பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"வெரசா ஏறுங்க மேடம். மத்தியானம் பத்தாம் வகுப்பு இருக்கு. லேட்டாப் போனா எங்க ஹெச்.எம். ஆபீசுல போட்டுக் குடுத்துருவாக."