ஈய வளையமும் வெங்கடாசலமும்

வெங்கடாசலத்துக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அதாவது, அவரைக் கேட்டால். மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் படிக்க வந்து, லண்டனிலேயே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒட்டிக்கொண்டு, முப்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்தவர். வீட்டுக் கடன் வட்டியிலிருந்து கொத்தமல்லியை வாடாமல் வைப்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து இருந்தது. எதையும் அளந்து பார்க்கும் பழக்கம்தான் இல்லை. அந்த மனிதரோடு குட்மேய்ஸ் வீட்டில் குடும்பம் நடத்திய நீலவேணிக்கு இது நன்றாகவே தெரியும்.

ஐம்பது தாண்டியதும் அவருக்குத் துப்பாக்கிப் பித்துப் பிடித்தது. இந்த நாட்டில் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்து அப்போது பத்து வருஷம் ஆகப்போகிற நேரம். ஆனாலும் பழைய பாணி ரிவால்வருக்குப் போலீஸ் இன்னும் லைசென்ஸ் கொடுக்கும். அதன் உருளையில் ஆறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை அழுத்தித் திணிக்க வேண்டும். பிறகு சுட்டால்தான் குண்டு முன்னால் நீண்டிருக்கும் குழாய் வழியே பாயும். அப்படி ஒன்றை வாங்கி, ரோம்ஃபோர்டுக்கு அப்பால் இருந்த ஒரு கிளப்பில் சேர்ந்தார்.

சேர்ந்தவர் சும்மா இருந்தாரா? கிளப்பின் நால்வர் அணியில் இடம் வேண்டும் என்று நின்றார். அதற்கு நூற்றுக்கு எண்பது எடுக்க வேண்டும். முதல் தேர்வில் ஐம்பத்தொன்று, இரண்டாவதில் நாற்பத்தாறு. மூன்றாவதும் கடைசியுமானது 2006 அக்டோபரில். அதிலும் கோட்டைவிட்டால் அணிப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது கிளப் விதி. இதற்கிடையில் டூட்டிங்கில் மலேசியத் தமிழர்கள் கூடிய விருந்தில், தான் அணியில் சேர்ந்தாகிவிட்டது என்றே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார். எழுபது பேர் கை தட்டினார்கள். நீலவேணியும் தட்டினாள், தலையைக் குனிந்துகொண்டு. இனி அவர் தோற்றால் அந்த எழுபது பேர் முகத்திலும் அவளும்தான் விழிக்க வேண்டும்.

குண்டு வார்க்க ஈயம் வந்தது பாலேந்திராவிடமிருந்து. பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் கூரை வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரர். பழைய வீட்டுக் கூரைகளில் கழற்றிய ஈயத் தகட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை என்றாலும் ஆலோசனைக்குக் குறைவில்லை.

"அண்ணை, குண்டு குழாய்க்குள்ள ஆடுது. அதுதான் ஒண்டு அங்க, ஒண்டு இங்க போகுது. இன்னும் பெரிசா வார்த்துப் பாருங்கோ, இறுக்கமா நிக்கும்."

இவரும் குண்டு வார்க்கப் பெரிய அச்சு வாங்கினார். பிறகு அதைவிடப் பெரியது. கராஜில் நின்று ஈயத்தை உருக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார். குண்டை உருளைக்குள் திணிக்கும்போதெல்லாம் குழியின் விளிம்பு அதைச் சுற்றிலும் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்று கழன்று விழும். அந்த வளையங்களைப் பொறுக்கிக்கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, "பாத்தியா வேணி, என்னா இறுக்கம்!" என்று பெருமைப்பட்டார். குண்டுகள் என்னவோ பழையபடி நாலா பக்கமும் சிதறிக்கொண்டிருந்தன.

நீலவேணிக்குச் சிரிப்பு வந்தது. இல்ஃபோர்டில் ஒரு பல் லேபில் இருபத்திரண்டு வருஷமாகப் பல்லுக்கு மேலே மாட்டும் கிரவுன் உறை வார்ப்பவள் அவள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

"இது குழி சீவித் தள்ளின மிச்சம்தானே? நீங்க பூசணிக்கா அளவுக்கு வார்த்தாலும் உள்ள போறது குழியோட அளவுதான். முதல்ல குழியையும் குழாயையும் அளங்க."

"பல்லு வேற, துப்பாக்கி வேற, வேணி."

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் ரிவால்வரைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவளே அளந்தாள். பல் வேரின் துளைக்கு அச்செடுக்கிற சிவப்புப் பிசினைக் குழிக்குள் நிரப்பி, இறுகியதும் உருவி எடுத்தாள். குழாய்க்குள் ஒரு ஈயக் குண்டை மரக்குச்சியால் தள்ளி மறுபக்கம் எடுத்தாள். இரண்டையும் மைக்ரோமீட்டரில் வைத்தாள். குழி பதினொன்று புள்ளி மூன்று மூன்று மில்லிமீட்டர். குழாய் பதினொன்று புள்ளி நான்கு எட்டு. குழி சின்னது, குழாய் பெரியது. சீவுபட்டுச் சிறுத்த குண்டு குழாயைப் பிடிக்காமல் தள்ளாடிக்கொண்டுதான் வெளியே போகும். ஆறு குழிகளையும் குழாயின் அளவுக்குக் குடைந்தால் தீர்ந்தது. அத்தனையையும் சொன்னாள். அவர் எண்ணெய்த் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி சரி, டீ போடு" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் டூட்டிங் கைதட்டல் காதுக்குள்ளேயே இருந்தது. செப்டம்பரில் கிளப்பின் குடும்ப நாளில், செயலாளர் கத்தரின் என்ற ஆங்கிலேயப் பெண் தேநீர்க் கோப்பையோடு வந்து, உங்கள் கணவரின் குண்டுகள் ஏன் இப்படிச் சிதறுகின்றன என்று கேட்டாள். நீலவேணி இரண்டு அளவுகளையும் சொன்னாள். இருபது வருஷமாகச் சுடுகிற கத்தரின் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவற்றைக் குறித்துக்கொண்டு, நேராக வெங்கடாசலத்திடம் போனாள்.

அன்று வீடு திரும்பியதும் வெங்கடாசலம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கத்தரின் எப்படிக் கண்டுபிடிச்சா தெரியுமா! குழி சின்னது, குழாய் பெருசு. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், உக்காரு." பேனாவும் பேப்பருமாக வட்டம் போட்டு, பதினொன்று புள்ளி மூன்று மூன்று என்று எழுதினார். அளந்தவளுக்கே பாடம் நடந்தது. நீலவேணி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்ப்போம் என்று ஒரு பிடிவாதம்.

திங்கட்கிழமையே ரிவால்வர் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போனது. ஆறு குழிகளும் குடைந்து வந்தன. அக்டோபர் தேர்வில் எண்பத்தாறு எடுத்தார். அணியில் இடம் கிடைத்தது. கிளப் அறையில் எழுந்து நின்று, கத்தரினின் கூர்மையான மூளைக்கு நன்றி என்று நீட்டி முழக்கினார். கத்தரின் உட்கார்ந்தபடியே, அளந்தது உங்கள் மனைவி, நான் அதை எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். எல்லாரும் நீலவேணியைத் திரும்பிப் பார்த்தார்கள். வெங்கடாசலம் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, இவள் சாண்ட்விச்சும் பிரமாதமாகச் செய்வாள் என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

காரில் பாதி வழி வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"நீ ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேன். மார்ச் மாசமே."

"நான் நம்பற மாதிரி சொல்லியிருக்கணும், இல்ல?"

முப்பத்தொரு வருஷத்தில் அவர்மீது கோபம் வந்திருக்கிறது, இரக்கம் வந்திருக்கிறது. இப்போது வந்தது வெறும் இளக்காரம்.

"ஆமா, வெள்ளைக்காரியா பொறந்து சொல்லியிருக்கணும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிக்னலில் காரை நிறுத்தி, நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார்.

"அப்படின்னா நம்பறதுக்கு எனக்கும் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்" என்றார்.