கத்தரித் தண்டும் இரண்டு கண்ணாடி டம்ளர்களும்

உங்கள் தோட்டத்துக் கத்தரிச் செடி, இலை பழுக்காமலே, ஒரே பகலில் துவண்டு விழுந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? செடியையா, அதற்குத் தண்ணீர் கட்டிய பெண்ணையா? மாசாணத்தின் ஊரில் பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

மாசாணம், கோயம்புத்தூரில் பயிர்நோய் ஆராயும் கூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவர். சேரியில் பிறந்தவர், வயது நாற்பது, பள்ளிக்கூடம் அவரை உள்ளே விடவில்லை. பதினோரு வருடம் கழுவிக் கழுவி, எந்தக் குழாயில் பூஞ்சணம் வளர்ந்தது, எதில் பாக்டீரியா வளர்ந்தது என்பதை வாடையிலேயே சொல்லிவிடுவார்.

1936, ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரூருக்கு மேற்கே உள்ள தன் ஊருக்கு அவர் வந்தபோது தங்கை சின்னத்தாயி குடிசை வாசலில் சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள ஊர விட்டுப் போயிரோணுமாம் அண்ணா. தீட்டோட பாத்திக்குள்ள கால் வெச்சனாம். அதுலதான் செடியெல்லாம் வாடுதாம்."

தீட்டோடு போனாளா என்று நான் கேட்கப்போவதில்லை. போயிருந்தால்தான் என்ன? உடம்பின் இயல்பைக் குற்றமாக்கி, ஒரு விதவையையும் இரண்டு குழந்தைகளையும் தெருவில் தள்ளத் துணிந்தவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல.

மாசாணம் அவள் தண்ணீர் கட்டும் தோட்டத்துக்கு ஓடினார். தோட்டத்துச் சொந்தக்காரரான பண்ணாடி நஞ்சுண்டன் ஊர்க்காரர்களோடு வரப்பில் நின்றார். பாதிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. கூடத்தில் முறைப்படி கிருமியைப் பிரித்து, வளர்த்து, நல்ல செடியில் ஏற்றிப் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சூரியனோ மேற்கே சாய்ந்துவிட்டது.

"பண்ணாடி, ஒரு கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி குடுங்க. சீக்கு என்னன்னு இங்கயே பாத்துப்போடலாமுங்க."

"தண்ணி வேணும்னா கையை ஏந்து, ஊத்தச் சொல்றேன். டம்ளர் கேக்கற அளவுக்கு வந்துட்டயா?"

ஏந்திய கையில் எதைச் சோதிப்பது? மாசாணம் சாலைக்கு ஓடினார். சோடாக் கடை சிக்கந்தரிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். சிக்கந்தர் இரண்டு டம்ளர்களைக் கழுவி, குடத்துத் தண்ணீரோடு தானே கூட வந்தார்.

தம்பிதுரை என்கிற பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். "பாய், இனி அந்த டம்ளர்ல எவன் சோடா குடிப்பான்?"

"கழுவுனாப் போயிருமுங்க. சில அழுக்குத்தான் கழுவுனாலும் போறதில்லீங்க."

தம்பிதுரை கையில் அகப்பட்ட ஒரு செடியைப் பிடுங்கி வீசினார். மாசாணம் அவசரத்தில் அதன் தண்டை அறுத்து, முனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கிருமி இருந்தால் அறுத்த முனையிலிருந்து வெள்ளையாக இறங்கவேண்டும்; ஒன்றும் இறங்கவில்லை.

"கத்தரிக்காய்க்குச் சாதகம் பாக்கறானாட்ட இருக்குது!" என்றார் தம்பிதுரை.

 பின்னாலேயே வந்து வரப்போரம் நின்ற தங்கையின் முகத்தைப் பார்க்க மாசாணத்துக்குத் தைரியமில்லை. தண்டை மறுபடி பார்த்தார். காய்ந்து சருகான செடி! கூடத்தில் இப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுவார்கள்.

"இன்னிக்குக் காலைல வாடுனதா ஒண்ணு வேணுமுங்க. அந்தக் கோடியில நல்லா நிக்கறதுல ஒண்ணு. உங்க கையாலயே புடுங்குங்க பண்ணாடி."

நஞ்சுண்டன் முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினார். சிக்கந்தர் தண்ணீரை மாற்றினார். மாசாணம் இரண்டு தண்டுகளையும் வேருக்குச் சற்று மேலே அறுத்து, டம்ளருக்கு ஒன்றாகப் பிடித்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

பிறகு, வாடிய தண்டின் முனையிலிருந்து பால் போல ஒரு மெல்லிய இழை இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. மற்ற டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"என்ன மருந்தைக் கலந்தே?" என்றார் நஞ்சுண்டன்.

"புடுங்குனது நீங்க, ஊத்துனது பாய். அத்தனையும் பாக்டீரியாங்க. வேர் வழியாப் பூந்து, தண்டுக்குள்ள தண்ணி ஏறற குழாயை அடைச்சுப்போடும். மண்ணுல இருந்திருக்கலாம், வாங்குன நாத்தோடயும் வந்திருக்கலாமுங்க."

நாற்றை வாங்கி வந்தவர் நஞ்சுண்டன்தான்.  "சரி, அவ இருந்துக்கட்டும்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

சின்னத்தாயி மூட்டையை அவிழ்க்கவில்லை. "அண்ணா, நாளைக்குத் தக்காளி வாடுனா? நீ டவுன்ல இருப்பியே?"

 அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊரில் செடி வாடினால், யார் மீதும் விரல் நீட்டுவதற்கு முன் அன்று வாடிய செடி ஒன்றை அறுத்து, எல்லோரும் பார்க்கத் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். உங்கள் வீட்டு டம்ளரிலேயே பிடியுங்கள். இழை இறங்கினாலும் இறங்காவிட்டாலும், தண்ணீர் கட்டிய பெண்ணுக்கும் அதே வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுங்கள்.