சொட்டு மாமா அடைத்த ஓட்டை

அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அவர் பெயர் தெரியாது. சொட்டு மாமா என்றால்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகப் பைப் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எங்கயாவது சொட்டுதா?" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரிடமும் அதையே கேட்டவர். அவர் போட்ட பைப்பில் ஒரு சொட்டு ஒழுகியதாக யாரும் சொன்னதில்லை. அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு, இல்லாமல் எப்படி?

அப்படி வாய் ஓயாத மனிதர், மகன் செத்த அன்று ஒன்றும் பேசவில்லை. முப்பத்து நான்கு வயசுப் பையன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே போய்விட்டான். சொட்டு மாமா அழவும் இல்லை. கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். அவருக்கு உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான் உண்மை. பசித்தால் சாப்பிட்டார், கூப்பிட்டால் வேலைக்குப் போனார். மூன்று மாதம் இப்படியே ஓடிற்று.

மருமகள் வாடகை வீட்டு மாடியில் இருந்தாள். அந்தக் கூடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாக நின்றது. மகன் ஆசை ஆசையாக வாங்கியது. அடியில் மர அலமாரி, அதற்குள் தண்ணீரை வடிகட்டும் சின்னத் தொட்டி, அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற ஒரு பம்ப். பைப் வேலையையும் பாதிக்கு மேல் அவனே முடித்திருந்தான். "அப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கப்பா" என்று மூன்று தடவை கூப்பிட்டான்.

"மீனுக்கு எதுக்குடா பைப்பு? நீ போட்டா அது பைப்பா இருக்காது, புல்லாங்குழலாத்தான் இருக்கும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார் அப்பன்.

இப்போது மருமகள் கூப்பிட்டாள். "அவர் கையால செஞ்சதுன்னு இது ஒண்ணுதான் மாமா மிச்சம். இதை ஓடவிட்டுக் குடுங்க, வச்சுக்கறேன்."

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கீழ் வீட்டில் இருந்த டீச்சர்தான் வீட்டுக்காரர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சிலும் மீதி வைக்கமாட்டார். "என் கூரையில ஒரு பொட்டு ஈரம் தெரிஞ்சாலும் தொட்டிய எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டார். அதற்கென்ன, ஈரத்துக்கும் சொட்டு மாமாவுக்கும் ஆகவே ஆகாது!

இரண்டு நாளில் மிச்ச வேலையை முடித்தார். மகன் ஒட்டியிருந்த மூட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எல்லாம் உறுதியாகத்தான் இருந்தன. நன்றாக இருக்கிறது என்றும் தோன்றவில்லை, மோசம் என்றும் தோன்றவில்லை. தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டபோதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. மேல் தொட்டியில் தண்ணீரைக் கொண்டுவிடும் பைப்பில், நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே, ஆணி நுழையும் அளவு துளை. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

பைப்பில் ஓட்டை என்றால் சொட்டு மாமாவுக்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ துளை போடும்போது கை தவறியிருக்கிறான் என்று நினைத்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவருக்கு வேறு என்ன தோன்றும்? பசையைப் பிசைந்து வைத்து, அது காய்ந்து இறுகும்வரை காத்திருந்தார். பிறகு தன் வழக்கப்படி ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு பகல் முழுக்கப் பம்பை ஓடவிட்டார். ஒரு தாளும் நனையவில்லை. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கரண்ட் போயிற்று. கால் மணி நேரத்தில் மருமகள் போன் செய்தாள். இவர் போய்ச் சேர்ந்தபோது கூடமெல்லாம் தண்ணீர், செய்தித்தாள்கள் மிதந்துகொண்டிருந்தன. மேல் தொட்டியில் ஒரு சாண் தண்ணீரைக் காணோம். முட்டி போட்டு மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தன.

மருமகள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே?"

"அடைச்சிட்டேம்மா."

அவள் நிமிர்ந்தாள். "அது அவர் வேணும்னே போட்டது மாமா. கரண்ட் போனா பம்ப் நின்னுடும். அப்ப அதே பைப் மேல இருக்கற தண்ணிய உறிஞ்சிக் கீழ விட ஆரம்பிச்சிடுமாம், சின்னத் தொட்டி நிரம்பி வழிஞ்சிடுமாம். மட்டம் ரெண்டு விரல் இறங்கினதும் அந்த ஓட்டை காத்தை இழுக்கும், தண்ணி நின்னுடும். ஜூஸ் குடிக்கிற குழாய வச்சு எனக்குச் செஞ்சே காட்டினார்."

சொட்டு மாமா ஒரு ஆணியை எடுத்துப் பசையைக் குடைந்து எடுத்தார். கரண்ட் வந்ததும் பம்பைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து நிறுத்திப் பார்த்தார். இரண்டு விரல் இறங்கியதும் தண்ணீர் கப்பென்று நின்றது. இன்னொரு தடவையும் செய்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

டீச்சர் வீட்டுக் கூரையில் முறம் அளவுக்கு ஈரம். டீச்சர் கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சின்னப் பையன், பாவம். ஆசைக்குப் போட்டிருக்கான், எங்கயோ தப்பு விட்டுட்டான்" என்றார் டீச்சர். "நீங்க பார்த்துச் சரி பண்ணிட்டீங்கல்ல? உங்க கை பட்டாச்சுன்னா எனக்குப் பயமில்ல. தொட்டி இருந்துட்டுப் போகட்டும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தொட்டி தப்பிக்கும், மருமகள் கேட்டது கிடைக்கும். கேட்டு மறுப்பதற்கு அவனும் வரப்போவதில்லை. சொட்டு மாமா வாயைத் திறந்தார்.

"இல்லீங்க டீச்சர். அவன் சரியாத்தான் போட்டிருந்தான். நான்தான் புரியாம கெடுத்துட்டேன்."

டீச்சர் கூரையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷம் பைப் போட்ட உங்களுக்கே புரியலைன்னா, நாளைக்கு ஏதாவது ஆனா யாரைக் கூப்பிடறது? வேணாங்க. எடுத்துடுங்க."

"சரிங்க" என்றார்.

மாடியில் மருமகள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க மாமா?"

"எடுக்கச் சொல்லிட்டாங்கம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் சரியாப் போட்டிருந்தான்னு சொன்னேன்."

அவள் துணியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"இதை ஒரு தடவை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லியிருக்கலாம்மா" என்றார் சொட்டு மாமா. சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, மகன் போய் மூன்று மாதம் கழித்து, வாய்விட்டு அழுதார்.