கிழக்குக் கரை என்று போட்ட டிக்

மற்ற தொழில்களில் வேலையை முடித்துவிட்டுப் பலனைப் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் பலனை முதலில் எழுதிவிட்டுத்தான் வேலையையே தொடங்குவார்கள். வெளிநாட்டுத் தொழில்நுட்ப உதவித் திட்டம் ஒன்றில் நான் கண்காணிப்பு அலுவலர். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில், கருவாடு போடும் பெண்களுக்கு அந்த நாட்டு நிபுணர்கள் சூரிய உலர்த்தி ஒன்று அமைத்துக் கொடுத்தார்கள். பாலிதீன் கூரை போட்ட நீளமான கூடாரம், உள்ளே வரிசையாகத் தட்டுகள். எழுதிவைத்த பலன் கிடைக்கிறதா என்று குறித்த நாளில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. கிடைக்கவில்லை என்றால் கூடாரத்தைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படிவம் நிரப்பியே தலை நரைத்த சகோதர சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

காற்றாடி பார்த்த பயணம்

திட்டப் படிவத்தை நான் நிரப்பியது பேருந்தில். மதுரையில் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆரல்வாய்மொழி வந்ததும் மின்சாரம் எடுக்கும் ராட்சதக் காற்றாடிகள் தெரிந்தன. அவை அவசரமே இல்லாமல் சுற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கண் சொருகிவிடும், மடியில் கணினி இருப்பதே மறந்துவிடும்.

அப்போது வந்த கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் எந்தக் கரைப்படி? மீன் இனம் பெருகட்டும் என்று வருஷத்தில் இரண்டு மாதம் விசைப்படகுகளை நிறுத்துவார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, மேற்குக் கரையில் ஜூனும் ஜூலையும். எங்கள் மாவட்டத்தில் கரை வளைந்து திரும்புவதால் இரண்டும் உண்டு. நான் நெல்வயல்காரன் வீட்டுப் பிள்ளை. தமிழ்நாடு என்றால் கிழக்குக் கரைதானே என்று டிக் போட்டுவிட்டு மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கோட்டாறு நசீர், என் சக ஊழியன், கேட்டான்: "மக்கா, எழுதி முடிச்சியா, இல்ல நீயும் அதுகூடச் சுத்திட்டு இருக்கியா?"

தட்டுக்கு மேலே யூனிபார்ம்

தடை முடிந்து மீன் குவிந்திருக்கும் என்று அந்த டிக்கை நம்பி, ஜூன் கடைசியிலும் ஜூலை கடைசியிலும் பார்வையிட நாள் குறித்துவிட்டார்கள். ஜூனில் போனேன். நல்ல மழை. கூடாரத்துக்குள் இதமான சூடு, பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். தட்டுகளில் ஒரு மீன் இல்லை. மேலே கயிறு கட்டி, ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபார்ம்களைக் காயப்போட்டிருந்தார்கள். அவை ஆடுவதைப் பார்த்தபடியே உண்மையில் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பெண்கள் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா எதிரில் நின்றார். இங்கே மேற்குக் கரைத் தடை, ஜூலை முழுக்க உண்டு, சின்ன வள்ளங்களில் வருகிற மீன் பச்சையாகவே விற்றுப்போகும், காயப்போட மிஞ்சாது என்றார். படிவத்தில் கேட்டது கருவாட்டின் எடை மட்டும். பூஜ்ஜியம் போட்டேன். ஜூலையிலும் அதே யூனிபார்ம், அதே பூஜ்ஜியம். ஸ்டெல்லா அக்கா படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளைய ஈரம் இல்லாத துணி உடுத்துப் பள்ளிக்கூடம் போவுதுவ சாரே, அதுக்கு ஒங்ககிட்ட கட்டம் இல்லியா?"

கழற்றச் சொன்ன கடிதம்

உலர்த்தி அந்த ஊருக்குத் தேவைப்படவில்லை, வெளிநாட்டிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்த்ததும் கழற்றலாம் என்று கடிதம் வந்தது. தப்பு என்னுடையது என்று எழுதினேன். ஒருமுறை போட்ட டிக்கை வருஷம் முடியாமல் மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

ஸ்டெல்லா அக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். கூடாரம் வருவதற்கு முன் அவர்கள் மணலில் காயப்போட்டவர்கள். ஒரு மழை போதும், நாலு நாள் பாடு நாறிப்போகும். அவர் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். ஜூலைக்கு ஏதாவது ஒரு எடையைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. அவர் சொன்னார்: "பொய் எழுதாண்டாம். தடை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு அந்த ஆள வரச் சொல்லுங்க, அது போதும்."

வாளை

கெஞ்சிக் கூத்தாடி அந்த நாளையே வாங்கினேன். மதிப்பீட்டாளருக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பாளனும் நான்தான். உள்ளே நுழைந்ததும் எனக்கே கண் கூசியது. எல்லாத் தட்டிலும் வாளைமீன், வெள்ளி வெள்ளியாக. அந்த ஆவியில் பெண்கள் மெல்ல நடந்து மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் பேருந்தில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று தோன்றியது.

அவர் அசந்துபோனார். பூஜ்ஜியத்திலிருந்து இவ்வளவு, அதுவும் ஒரே வாரத்தில், எங்கள் திட்டம் அப்படி என்ன செய்தது என்று ஸ்டெல்லா அக்காவைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பதிலைக் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்து, பிறகு ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். ஸ்டெல்லா அக்கா சொன்னது இதுதான்: "தடை முடிஞ்சுது, விசைப் போட்டெல்லாம் கடலுக்குப் போச்சு. நீங்க ஒண்ணும் செய்யல்ல சாரே. இதக் கழத்தாம விட்டியன்னா, அதுவே பெரிய ஒதவி."

கூடாரம் இன்றும் அங்கேயே நிற்கிறது, ஆண்டறிக்கையில் அது எங்கள் தீவிரக் கண்காணிப்பால் ஒரே வாரத்தில் விளைந்த முன்னேற்றம் என்று பதிவாகியிருக்கிறது, தப்பை ஒப்புக்கொண்டு ஒருமுறை கடிதம் எழுதிப் பட்டது போதும் என்று நான் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.