கழனித்தொட்டிக்குப் போன கேரட்

மில் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக ஆட்களின் வருகையைக் குறித்துப் பழகியதால், வீட்டிலும் எதையும் எழுதிவைக்காமல் இருக்க முடிவதில்லை. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற முயலுக்கும் ஒரு நோட்டு உண்டு. காலை ஆறே முக்காலுக்குக் கேரட், ஊறவைத்த கடலை, ஒரு பிஸ்கட். மாலையில் வந்ததும் கிண்ணத்தைப் பார்ப்பேன். காலியாக இருக்கும். ‘முழுதும் தின்றது’ என்று எழுதுவேன்.

போன கோடையில் அதன் மோவாய் ஈரமாகவே இருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்தேன். இடது கண்ணிலும் நீர் வழிந்தது. கடலை அளவிலிருந்த புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்தது. எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதோடு சரி. தின்கிறதே, பிறகென்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டருகே உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். கேரட்டை வாயில் எடுத்தது, கீழே போட்டது. மறுபடி எடுத்தது, போட்டது. பிறகு மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்துகொண்டது.

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் முன்பல்லை மட்டும் பார்த்தார்.

“நாய்னா சொல்லுங்க சார், இந்த ஊரு நாயில முக்கால்வாசி என் கை பட்டதுதான். முயலோட கடவாய்ப் பல்லப் பாக்க எங்கிட்டச் சாமான் இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காக. இன்னைக்கே போயிருங்க. முயலு ஒருநா பட்டினி கெடந்தாலே தாங்காது.”

பஸ்ஸில் என் மனைவி கூடையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கறிக்கா?”

“இல்ல, பல்லு பாக்கப் போறோம்.”

“எங்க ஆத்தாவுக்கே இன்னும் பல்லு கட்டல. முயலுக்கா!”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

டாக்டரம்மா முதலில் கேட்டது, “எவ்வளவு சாப்பிடுது?” நான் நோட்டை விரித்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு முயலைத் தராசில் வைத்தார். ஒரு கிலோ நூறு கிராம். மகள் போகும்போது ஒன்று எழுநூறு இருந்தது.

“தினமும் முழுசாத் தின்னா இப்படி எலும்பா இருக்காதே சார்?”

மனைவி என்னைப் பார்த்தாள். “மிச்சத்த நாந்தான் மத்தியானமே கழனித்தொட்டியில போட்ருவேன்ல?”

“எத்தன நாளா?” என்றேன்.

“எப்பவுந்தான். பக்கத்து வீட்டு மாடு குடிக்கும். திங்கிற பொருள வீணாக்குவாகளா? நீங்க ஒருநாளும் கேக்கலியே.”

அவள் மேல் குற்றமில்லை. எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருஷமாக மிச்சமெல்லாம் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது. எனக்குத் தெரியாததல்ல.

முயலின் பல் சாகும்வரை வளருமாம். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். கேரட்டிலும் பிஸ்கட்டிலும் தேயாது. கடவாய்ப் பற்கள் முள்ளாக நீண்டு நாக்கைக் கிழித்திருந்தன. மயக்கம் கொடுத்துத் தேய்க்க வேண்டும், இந்த எடையில் எழாமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. மகளுக்குப் போன் செய்ய எடுத்தேன். அதைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காது மட்டும் அசைந்தது.

“நகவெட்டிய வச்சு வீட்ல பல்ல வெட்டிராதீங்க, பிளந்துரும். வாரம் ஒருதடவ எடை பாருங்க. தாடையத் தடவி வீக்கம் இருக்கான்னு பாருங்க. அருகம்புல்லுதான் முக்கியச் சாப்பாடு.”

“திரும்ப வளருமா டாக்டர்?”

“வளரும். ரெண்டு மாசத்துல வாங்க. இனி அப்படித்தான் சார்.”

மூன்று நாள் ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டினோம். பாதி என் சட்டையில் வழிந்தது. கண்மாய்க்கரையில் புல் பறித்து முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

நாலாம் நாள் ஒரு புல்லைத் தானாக இழுத்தது. தாடை பக்கவாட்டில் அசைய, நிதானமாக, நுனிவரை அரைத்தது. இன்னொன்றை இழுத்தது.

“திங்குதுங்க,” என்றாள் மெதுவாக.

“ம்,” என்றேன். மறுநாளுக்குப் புல் இல்லாததால் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.