பாதிப் பிராணிகளை வரைந்த நஸ்ரின் அக்கா

சனிக்கிழமை காலை வேதியியல் டியூஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பாவின் செல்பேசிக்கு எனக்கான எஸ்எம்எஸ் ஒன்று வந்தது. பிரபு அண்ணா அனுப்பியிருந்தார். ‘நஸ்ரின் தவறிட்டா. நாளைக்கு விளையாட்டு இல்ல.’ முதல் வாக்கியம் எனக்கு ஏறவே இல்லை. இரண்டாவதன் மேல்தான் கோபம் வந்தது. விளையாட்டு இல்லை என்பதையும் ஒருவர் சொல்லவேண்டுமா? அக்காவுக்குச் சாதாரணக் காய்ச்சல், அடுத்த வாரம் வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அக்காவே அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புலியூரில் பிரபு அண்ணா வீட்டு மாடியில் கூடும் உங்களுக்கு எங்கள் விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த முன்னுரையோடு வரும் புத்தகத்தை அக்காவின் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்பதை நாம் சொல்லவேண்டும்; நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும். எங்களுக்குக் கதை சொல்பவர் பிரபு அண்ணா. கதையில் வருவதைப் படமாக வரைபவர் நஸ்ரின் அக்கா. மேற்குத் தாம்பரத்தில் ஒரு திருமணப் பத்திரிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் முழுவதும் பூவும் கொடியும் வரைந்த கையால் ஞாயிற்றுக்கிழமை பேய் வரைவார்.

நான் முதன்முதலில் அவரிடம் சண்டை போட்டதே படத்துக்காகத்தான். பிரபு அண்ணாவின் அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் புத்தகங்கள் மாடியில் இருந்தன. பழையவற்றில் கறுப்பு மையில் வரைந்த கோட்டுப் படங்கள். சில படங்களில் ஆளின் கை எது, மரத்தின் வேர் எது என்றே தெரியாது. புதியவை வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில் இருந்தன. கவசத்தின் ஒவ்வொரு வாரும் கொக்கியும் தெரியும். டிராகனின் செதிலை எண்ணலாம். எனக்கு அவைதான் பிடித்தன. மணிக்கணக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா ஒரு நாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி இது, வாளத் தூக்கிகினு பேனர்ல நிக்கிற தலைவர் மாதிரி நிக்கிறான்? இந்த இரும்புச் சட்டையோட இவன மே மாசத்துல ஜிஎஸ்டி ரோட்ல நடக்கச் சொல்லு. பேய் வேணாம், வேர்க்குருவே போதும் அவனுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. “ஆனா எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்கக்கா” என்றேன்.

“அதான் பிரச்சினையே. எல்லாத்தையும் அவனே காட்டிட்டான்னா உனக்கு இன்னா வேல? போய் டிவி பாரு.”

அன்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் அந்த வண்ணப் படங்கள் எனக்குப் பிடிக்கும். அக்காவுக்குப் பயந்து பிடிக்காது என்று சொன்னால், அதற்கும் திட்டுவார்.

அவர் வரையும் முறைதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. விளையாட்டில் நான் விளக்கேந்தி முன்னால் நடக்கும் திருடி. ஒருமுறை சுரங்கத்தில் ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்றார் பிரபு அண்ணா. நான் விளக்கைத் தாழ்த்தித் தரையில் தடம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். அக்கா படத்தை நீட்டினார். சேற்றில் அழுந்திய இரண்டு பாதங்கள். அதற்கு மேல் வெறும் வெள்ளைத் தாள்.

“மிச்சம் எங்கக்கா?”

“மேல பாத்தியா நீ?”

“இல்ல.”

“அப்போ கால் மட்டும்தான்.”

“நஸ்ரின், கொழந்த அழுவுது, கொஞ்சம் காட்டேன்” என்றார் பிரபு அண்ணா.

“நான் இன்னா பண்றது? எனக்கே தெரியாது. அவ பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.”

நான் அண்ணாந்து பார்ப்பதாகச் சொல்வதற்குள் அந்தப் பிராணி என் விளக்கை அணைத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க வகுப்பில் எனக்குப் பாடமே ஓடவில்லை. அந்தப் பாதங்களுக்கு மேல் எதையெதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்ணப் புத்தகத்தின் டிராகனை ஒரு நாளும் நான் வகுப்புக்குள் கொண்டுபோனதில்லை. இதை அக்காவிடம் சொன்னால் ஜெயித்துவிட்டதாகக் குதிப்பார் என்று சொல்லாமல் இருந்தேன்.

பிறகு எங்களுக்கென்று ஒரு விளையாட்டுப் புத்தகம் தமிழில் எழுத ஆரம்பித்தோம். பனிமலையும் கோட்டையும் வேண்டாம், ஏரிக்கு அடியில் மூழ்கிய ஒரு ஊர் என்று முடிவானது. கதையும் விதிகளும் பிரபு அண்ணா, எழுத்துவேலை நான், படங்கள் அக்கா. சேற்றில் அந்த இரண்டு பாதங்கள், கிணற்றுச் சுவரைப் பிடித்த ஒரு கை, கதவிடுக்கில் ஒரு கண், கூரை ஓட்டின் மேல் ஒரு வால். எந்தப் பிராணியும் முழுதாக இல்லை. “முழுசா பாக்கணும்னா விளையாடட்டும்” என்பதோடு முடித்துக்கொள்வார்.

இப்போது என் ஆற்றாமைக்கு வருகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். “பாவம், எதையுமே முடிக்காம போய்ட்டா” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். முடித்த படங்கள் இவை என்று கத்தவேண்டும்போல இருந்தது. அந்த வீட்டில் அன்று கத்த முடியாது. அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்கள் கழித்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் அக்காவின் அண்ணன் ஹமீத் அண்ணா எங்களைக் கூப்பிட்டார். தங்கை நினைவாகப் புத்தகத்தைத் தானே அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். கடைக்குப் போனதும் கணினியில் காட்டினார். கிணற்றைப் பிடித்திருந்த கைக்குப் பின்னால் பச்சை உடம்பு முளைத்திருந்தது. சிவப்புக் கண்கள், கோரைப் பல், பின்னணியில் மின்னல்.

“எப்படி கீது? தங்கச்சி விட்டதெல்லாம் நானே முடிச்சிடுறேன். ரெண்டு நாளா தூங்காம பண்ணேன்மா.”

பிரபு அண்ணா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தூங்காமல் செய்த ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

“அண்ணா, இது முடிஞ்ச படம்ணா” என்றேன். “அக்கா வேணும்னுதான் இப்படி வரைஞ்சாங்க. மிச்சம் என்னன்னு அவங்களுக்கே தெரியாது. அவங்களே சொல்லியிருக்காங்க.”

ஹமீத் அண்ணா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அக்கா கடைசியாக வரைந்தது. ஏரி மதகின் இருண்ட வாயும், அதிலிருந்து வெளியே நீண்ட விரல்களும் மையில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், வெறும் பென்சில் கோட்டில், அந்தப் பிராணி முழுதாக இருந்தது. தலை, தோள், அது சுமந்துகொண்டிருந்தது, எல்லாம்.

“இப்போ சொல்லு. தெரியாதா அவளுக்கு? காய்ச்சல் வந்துடுச்சு, மை போட முடியல. அவ்ளோதான். நான் போட்டா தப்பா?”

அக்கா மீது அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்கே தெரியாது, எனக்கே தெரியாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்! அதை நம்பி வாதாடிவிட்டு, இப்போது அவர் அண்ணன் முன்னால் வாயடைத்து நிற்கிறேன். அக்காவைக் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை.

பிரபு அண்ணா அந்தத் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பென்சிலை அழுத்திப் பிடிப்பவர். தாளின் பின்பக்கம்கூடக் கோடு புடைத்திருந்தது. எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மற்ற படங்களைக் கேட்டு வாங்கி, கடை வாசலுக்குப் போய், கிணற்றுப் படத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். கைக்குப் பின்னால் வெள்ளையாக இருந்த இடத்தில் பள்ளமான கோடுகள் ஓடின. ரப்பர் போட்டு அழித்த தடம். அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். பாதங்கள், கண், வால் எல்லாமே முதலில் முழுப் பிராணிகளாக இருந்தவை. முழுதாக வரைந்து, காட்டவேண்டியதற்கு மட்டும் மை போட்டு, மிச்சத்தைத் தன் கையாலேயே அழித்திருக்கிறார்.

ஹமீத் அண்ணா வெயிலில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. “தெரிஞ்சிகினேதான் மறைச்சிருக்கா” என்றார். பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். பெருநாளைக்கு இன்னா துணி எடுத்தேன்னு கேட்டா கலரு மட்டும் சொல்லுவா. மிச்சத்த அன்னைக்குப் பாத்துக்கோன்னுவா.”

“அப்போ இதையும் அழிச்சிடணுமா?” என்று மதகுப் படத்தைக் காட்டிக் கேட்டார். யாரும் ரப்பரைத் தேடவில்லை. பென்சில் கோடு விழாமல் மை மட்டும் பதியும்படி ஸ்கேன் செய்து கொடுத்தார். அந்தத் தாள் அக்காவின் அம்மாவிடம் இருக்கிறது.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் உள்ளே எல்லாம் அக்காவின் கோடுகள். யாரும் எதையும் முடித்துவைக்கவில்லை. அட்டை மட்டும் ஹமீத் அண்ணாவுடையது. பச்சைப் பிராணியும் மின்னலும் அங்கே இருக்கின்றன. அந்தச் சண்டையில் நான் தோற்றுவிட்டேன். “வெளியில தெரியவேணாமா, இன்னா புக்குன்னு?” என்று கேட்டவரை அதற்கு மேல் எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

அக்கா எங்களிடம் சொன்னது பொய் என்பதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவதும் அதையேதான். ஒன்றை முழுதாகத் தெரிந்துவைத்திருந்தும், எதிரில் இருப்பவர் கேட்கும்வரை பொறுத்திருப்பது. எனக்கு அது சுலபமாக வராது. வகுப்பில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குபவள் நான். மதகுக்குள் இருந்தது என்ன, அது எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று இந்த வரியிலேயே உங்களிடம் சொல்லிவிடத் துடிக்கிறேன். சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வாருங்கள், பகடையை உருட்டுங்கள், விளக்கை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று சொல்லுங்கள்.