அப்பாவின் பெட்டியில் நான்கு ஆட்டங்கள்

அத்தையின் நிச்சயதார்த்தத்துக்காக அப்பா மஸ்கட்டிலிருந்தும் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்தும் ஒரே வாரத்தில் தென்காசிக்கு வந்து சேர்ந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதி. நான் ஒன்பதாம் வகுப்பு. சித்தப்பா மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒரே அடுக்களை, ஒரே டிவி. பிள்ளைகளுக்கு டிவி கேம் கொண்டுவருவதாக இருவருமே கடிதம் எழுதியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொள்ளாததால் வீட்டுக்கு இரண்டு வந்துவிட்டன.

சித்தப்பாவுடையது படம் போட்ட அட்டைப்பெட்டியில், பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் வந்தது. அதோடு நான்கு கேசட். ஒன்றில் கார் பந்தயம், ஒன்றில் டாங்கிச் சண்டை, ஒன்றில் பள்ளங்களைத் தாண்டி ஓடும் ஒரு குள்ளன். நான்காவதற்கு பிளாஸ்டிக் துப்பாக்கியே கொடுத்திருந்தார்கள்; டிவியைப் பார்த்துச் சுட்டால் பறவை விழுந்தது. ஒரு கேசட்டைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருகினால் திரையில் வேறொரு உலகம்.

அப்பாவுடையதற்கு அட்டைப்பெட்டி இல்லை. இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றி, சூட்கேசின் அடியில் வைத்திருந்தார். மேலே திருகுவதற்கு இரண்டு குமிழ்கள், நடுவில் ஆட்டத்தை மாற்ற ஒரு சுவிட்ச். டென்னிஸ், கால்பந்து, சுவர்ப்பந்து, பயிற்சி என்று நான்கு பெயர்கள். எதை வைத்தாலும் கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் ஒரு புள்ளியும்தான். கால்பந்துக்குக் கோடு கொஞ்சம் கூடும். பயிற்சிக்கு ஒரு கோடு குறையும்.

ஆனாலும் முதல் இரண்டு நாள் நாங்கள் அதிகம் சிரித்தது அப்பாவின் டென்னிஸில்தான். சித்தப்பாவின் கேசட்டுகளில் ஒருத்தி சாகும்வரை மற்றவள் காத்திருக்க வேண்டும். டென்னிஸில் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். தோள் இடிக்க உட்கார்ந்து குமிழைத் திருகுவோம்.

மூன்றாம் நாள் மெஷினைத் துடைக்கும்போது திருப்பிப் பார்த்தேன். அடியில் பேட்டரி போடும் மூடி; கரண்டில் ஓடியதால் நாங்கள் அதைத் திறந்ததில்லை. அதற்குப் பக்கத்தில் ஆணியால் கீறிய மலையாள எழுத்துகள். செங்கோட்டை வழியாக வரும் பஸ்களின் பலகையில் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாது. ஆனால் புதுச் சாமானில் யாரும் பெயர் கீறி விற்கமாட்டார்கள் என்பது தெரியும். மெஷினை நேராக வைத்துவிட்டு, துணியை அதன்மேல் போட்டேன்.

அன்று மத்தியானம் சித்தப்பா மகள் ரஃப் நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தாள். ஒரு பக்கம் சிங்கப்பூர், மறுபக்கம் மஸ்கட்.

"எங்களுக்கு நாலு. உங்களுக்கு எத்தன எழுதட்டும்?" என்றாள்.

"எங்களுக்கும் நாலுதான்."

"நாலாட்டி அது? எல்லாம் ஒரே பந்துதான. ஒண்ணுன்னு போடுதேன்."

அவள் சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அம்மாவும் சித்தியும் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சித்தியும் லேசாகச் சிரித்தாள். அம்மா தலையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் வாயில் தானாக வந்துவிட்டது.

"இன்னும் மூணு கேசட் வருதுட்டி. அப்பா பார்சல்ல போட்டிருக்காவ."

"என்னென்ன கேசட்டு?"

மனதில் வந்ததையெல்லாம் அள்ளிவிட்டேன். ஒன்று கப்பல் சண்டை. ஒன்று விமானம். மூன்றாவதில் ஒருத்தன் அருவியில் எதிர்நீச்சல் போட்டு மலை ஏறுவான். மேலிருந்து பாறை உருண்டு வரும், விலகவேண்டும். அவள் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் மஸ்கட் பக்கம் மூன்றையும் எழுதினாள். எழுதி முடித்ததும் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கேசட்ட எங்கன சொருகுவிய? ஓட்டையே இல்லயே."

"அடியில மூடி இருக்கு."

சொன்ன பிறகுதான் அந்த எழுத்துகளும் அடியில்தான் இருக்கின்றன என்பது உறைத்தது. அவள் கை நீட்டினாள். நான் மெஷினை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். "கேசட் வராம தொறந்தா கெட்டுப்போவும். அப்பா தொடக்கூடாதுன்னுருக்காவ" என்றேன்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நான் குளிக்கப் போனால்கூட அதற்குள் அவள் அதைத் திருப்பிவிடுவாளோ என்று பயம். மெஷினைத் துணிக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். தபால்காரர் தெருவுக்குள் வந்தாலே நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். அவள் வாசலுக்கு ஓடி, "பார்சல் உண்டா?" என்று கேட்டுவிட்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சித்தப்பா கேட்டே விட்டார். "அண்ணே, பார்சல் வேற வருதாமே? பிள்ள சொல்லுதா."

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்ப்பது தெரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆமா, வரும்" என்றார்.

திட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பொய்யே பொறுக்காத மனிதர், என் பொய்யைத் தன் பொய்யாக வாங்கிக்கொண்டது ஏன் என்று புரியாமல் எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலம் போனோம். சாரல் விடாமல் பெய்தது. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச்சுக்கு மேலேயே விழுந்ததால் போலீஸ்காரர்கள் ஓரத்தில் மட்டும் குளிக்க விட்டார்கள். சீக்கிரமே கரையேறி நடுங்கிக்கொண்டிருந்த என்னிடம் அப்பா துண்டோடு வந்தார். மற்றவர்கள் இன்னும் தண்ணீரில் இருந்தார்கள்.

"எதுக்குளா அப்படிச் சொன்ன?"

"அவ சிரிச்சா. சித்தியும் சிரிச்சாவ."

அவர் என் தலையைத் துவட்டினார். நான் கேட்டுவிட்டேன். "அப்பா, அது யாருதுப்பா? அடியில பேரு இருக்கு."

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "பாத்துட்டியா?" என்றார். பிறகு, "நிச்சயம் முடியட்டும். அதுவரைக்கும் யாருட்டயும் மூச்சு விடாத" என்றார்.

குரல் அவருடையதாகவே இல்லை. இது மெஷின் விஷயம் மட்டும் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பும் வழியில் மேலகரம் தாண்டி வரும்வரை பஸ்ஸில் சித்தப்பா மகள் ஏதேதோ பேசினாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஈரத்துணியைக் காயப்போட மாடிக்குப் போனேன். இறங்கி வரும்போது கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெஷினைக் கண்டுபிடித்து, மடியில் கவிழ்த்துப் போட்டு, மூடியைக் கழற்றியிருந்தாள். உள்ளே துருவேறிய பேட்டரிக் கம்பிகள் மட்டும்.

"ஏட்டி, இதுல எப்படிக் கேசட் சொருகுவ? இது என்ன எழுத்து?"

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். சிங்கப்பூரில் அவரோடு அறையில் இருந்தவர்கள் பாதிப் பேர் கேரளக்காரர்கள். எழுத்துக்கூட்டிப் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணே, யாரு இது?"

"நாந்தான் பொய் சொன்னேன்" என்று நான் கத்தினேன். "பார்சல் ஒண்ணும் வராது. நானாத்தான் சொன்னேன்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "பிள்ளைய விடு" என்றார். "எங்கூட ரூம்ல இருந்தவன். ஊருக்குத் திரும்புறப்ப எங்கிட்டக் கொடுத்துட்டுப் போனான். எங்க கம்பெனிய மூடிட்டானுவலே. வேல போயி நாலு மாசம் ஆச்சு. நான் இனிப் போவ முடியாது."

அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "நாலு மாசமா?" என்றாள். "போன மாசக் கடுதாசில ஓவர்டைம் பாக்கேன்னு எழுதினியள?"

அம்மா உள்ளே போய்விட்டாள். சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன வேத்தாளா அண்ணே? எனக்கு ஒரு வரி எழுத முடியலயா ஒனக்கு?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு அவரே அழுதார். சித்தி வந்து டிவியை அணைத்தாள். சித்தப்பா மகள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அப்பா அதை அம்மாவிடம் தனியாக, தான் நினைத்த நாளில் சொல்லியிருப்பார். இன்றும் அந்த எண்ணம் போகவில்லை.

நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது. வந்தவர்களிடம் அம்மா சிரித்துப் பேசினாள். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை. தட்டில் சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். சிங்கப்பூரில் தன் கம்பெனியில் கேட்டுப்பார்ப்பதாகச் சித்தப்பா சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஆலங்குளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ஒரு காலையில் தானாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா டிபன் கேரியரோடு வந்தாள். கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எத்தன மணிக்கு வருவிய?" என்று கேட்டாள்.

"ஏழாயிரும்" என்றார் அப்பா.

அம்மா தலையாட்டினாள். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவல?" என்று என்னை அதட்டினாள்.